மார்ட்டின் கழியட்டும்

ஆஷ்மியர்
1381 ஜூன் 22, யோவான் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு

தம்பி வாரினுக்கு அக்கா இடோனி சொல்லச் சொல்ல, பங்குச் சாமி ஆஸ்பெர்ன் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். உன் பல்வலி விட்டதா? நீதிபதிகளோடு ஊர் ஊராகப் போகிறாயாமே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன வாரம் இங்கே நடந்தது உன் காதுக்கு எட்டியிருக்கும். பிரபுவின் பண்ணை மாளிகையிலிருந்து தோல் ஏட்டுச் சுருள் பெட்டியைத் தூக்கிவந்து ஊரே சேர்ந்து களத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். யார் எத்தனை நாள் பிரபு நிலத்தில் கூலியில்லாத வெட்டி வேலை செய்ய வேண்டும், யார் பிரபுவைக் கேட்காமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்கக் கூடாது, எல்லாம் அந்தச் சுருள்களில்தானே இருந்தது. தோல் கருகிய நாற்றம் இன்னும் என் தலைமுடியை விட்டுப் போகவில்லை.

பெட்டியைச் சுமந்துவந்தவர் உன் அத்தான். கூரை வேய்கிறவர், தோள் பலம் உள்ளவர். "ஏ ஹேமோ, நீ தூக்குடா"ன்னு யாரோ சொன்னார்கள். தூக்கினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

இப்போது அரசர் குதிரைக்காரர்கள் ஊர் ஊராக வந்து ஆள் பிடிக்கிறார்கள். அவர் வீட்டில் இல்லை. எங்கே என்று, இதை எழுதும்போதே சாமி கேட்கிறார். "நீங்க எழுதுங்க சாமி, ஒண்ணும் கேக்காதீங்க" என்றேன். அதையும் எழுதிவிட்டார்.

நீ நீதிமன்றத்திலேயே எழுத்தன். உனக்குத் தெரியாமல் இருக்காது. அவர் எப்போது வீட்டுக்கு வரலாம்? அதை மட்டும் எழுது. உப்பு வண்டிக்காரர் வைமண்டிடம் கொடுத்தால் வந்து சேரும்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.
அக்கா

•

ஹார்ஸ்டன்
ஜூன் 27

அக்காவுக்கு,

நலம். பல் அமைதியாக இருக்கிறது. சாப்பிடுகிறேன். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

தலைமை எழுத்தர் எங்கள் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மார்ட்டின் திருநாள் கழியட்டும். அதுவரை வேண்டாம். கழிந்தபின் வரலாம்.

இங்கே பேசுவது பிரெஞ்சு, எழுதுவது லத்தீன். நம் ஆங்கிலப் பேச்சைக் கூண்டில் நிற்பவர்கள் மட்டும்தான் பேசுகிறார்கள். அவர்களோடு நான் பேசக் கூடாது.

வாரின்

•

ஆஷ்மியர்
ஜூலை 5, வெள்ளி

தம்பிக்கு,

நல்லா இருப்பாய் நீ. உன் பல்லும் நன்றாக இருக்கட்டும். எனக்கு உடம்புக்கு என்ன, இன்று பறக்கிறது.

நேற்று மார்ட்டின் திருவிழா முடிந்தது. கோயில் மணி ஓய்ந்ததும் நானே அவர் ஒளிந்திருந்த காட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "இன்னும் ரெண்டு நாளு பாத்துட்டு வரேனே" என்றார். "படிச்சவன் எழுதியிருக்கான், நீங்க என்ன அவனுக்கு மேலயா?" என்றேன். வந்துவிட்டார். தலையெல்லாம் முள், காலெல்லாம் கொப்புளம். திருவிழாப் பந்தலில் இன்னும் பீப்பாய் காலியாகவில்லை. நேராக அங்கேதான் போய் நின்றார்.

மாவு ஆலைக்கார டாப் பெண்டாட்டி விடுவாளா? "என்னப்பா ஹேமோ, காட்டுல முயலோட குடித்தனமா? எத்தன குட்டி?" என்றாள். "உன் புருஷன் மாதிரி ஒண்ணு பொறந்துச்சு, அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றார் இவர். பந்தலே சிரித்தது. டாப் மட்டும் சிரிக்கவில்லை. முகம் மாவு போல வெளுத்து எழுந்து போய்விட்டான். பேச்சு சுட்டுவிட்டது போல.

இதோ பக்கத்தில் உட்கார்ந்து விலாங்கு மீன் அடை தின்றுகொண்டு சொல்கிறார்: "உன் தம்பிகிட்ட எழுது. பத்து வரி எழுதத் தெரிஞ்சவன் ரெண்டு வரி எழுதியிருக்கான். மை என்ன அவன் அப்பன் வீட்டதா, மிச்சம் பிடிக்கிறான்?" சாமி சிரித்து மையைக் கொட்டிவிட்டார். அந்தக் கறைதான் மேலே தெரிவது.

நீயும் ஒருமுறை வந்து போ. பதினோரு வருஷம் ஆகிறது. ஒன்பது வயசில் உன்னைப் பள்ளிக்கு அனுப்பியது. உன் முகம் எனக்குப் பாதிதான் ஞாபகம்.

அக்கா

•

ஆஷ்மியர்
ஜூலை 7, ஞாயிறு

தம்பி,

நேற்றுக் காலை அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பெயர் எழுதிய தோலைக் கையில் வைத்திருந்தார்கள். வேறு யார் வீட்டுக்கும் போகவில்லை. கூரைமேல் இருந்தார். "எறங்கு" என்றார்கள். "இந்தக் கத்தைய மட்டும் கட்டிடறேன், மழை வந்தா உள்ள ஒழுவும்" என்றார். ஏணியைத் தட்டிவிட்டார்கள்.

ஹார்ஸ்டனுக்குத்தான் கொண்டுபோகிறார்களாம். நீ அங்கே இருக்கிறாய். அந்த ஒன்றை நினைத்துத்தான் மூச்சு விடுகிறேன். போய்ப் பார். உன் நீதிபதியிடம் ஒரு வார்த்தை சொல். அவர் சுமந்தது ஒரு பெட்டி, அவ்வளவுதான் என்று சொல்.

அக்கா

•

ஹார்ஸ்டன்
ஜூலை 10

அக்காவுக்கு,

நான் நலம். நீ சாப்பிட வேண்டும்.

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. பிந்தியதை முதலில் பிரித்துவிட்டேன். முந்தியதை அப்புறம் படித்தேன்.

அத்தானைப் பார்த்தேன். சிறைக்குள் எழுத்தர்கள் போக முடியாது. முற்றத்தில் தண்ணீர் எடுக்க விடும்போது சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். காயம் இல்லை. லேசாக நொண்டுகிறார். என்னைத் தெரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. கல்யாணத்தன்று பார்த்த ஒன்பது வயதுப் பையனைத்தான் அவருக்குத் தெரியும்.

விசாரணை அடுத்த புதன்கிழமை.

ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் மார்ட்டின் திருநாள் எப்போது?

வாரின்

•

ஆஷ்மியர்
ஜூலை 13

தம்பிக்கு,

என் உடம்பைக் கேட்காதே. நீ சுகம்தானே?

இது என்ன கேள்வி? நம் கோயிலே மார்ட்டின் கோயில். வைக்கோல் அறுப்பு முடிந்து ஜூலை நாலாம் தேதி திருவிழா. நீ என் தோளில் உட்கார்ந்து பார்த்தது. இதுவுமா மறந்துபோகும்? நவம்பரில் வருவதைக் கேட்கிறாயோ என்னவோ. அதை இங்கே யார் மார்ட்டின் என்று சொல்கிறார்கள்? மாடு வெட்டி உப்புப் போடும் நாள், உப்புக்கறி நாள் என்போம். சாமி எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார். அவருக்கும் இது வேடிக்கையாக இருக்கிறது போலும்.

அவர் பெயர் எப்படிப் பட்டியலில் வந்தது என்று தெரிந்துவிட்டது. ஊருக்குப் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து குற்றவாளி பெயரைச் சொல்ல வேண்டுமாமே. நம் ஊர்ப் பன்னிரண்டில் டாப் ஒருவன். ஆலைக்கே போய்க் கேட்டேன்.

"அவரு பேரச் சொன்னது நீயா?"

"பன்னண்டு பேரும் சேந்துதான் சொன்னோம்."

"ஊரே சேந்து கொளுத்துனீங்க. உங்க வாயில இவரு பேருதான் வந்துச்சா?"

"நான் சொல்றதக் கேளு இடோனி. நாலு பேரு சொன்னோம். ரெண்டு செத்தவன், ரெண்டு ஓடிப்போனவன். எல்லா ஊருலயும் இப்படித்தான் சொல்றாங்க. செத்தவனத் தூக்குல போட முடியாது. ஓடினவனப் பிடிக்க முடியாது. அவன் காட்டுல இருக்கான்னுதானே சொன்னோம்! இவன் குடிக்க வந்து பந்தல்ல நிப்பான்னு யாரு கண்டா?"

"அவரு வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

அவன் சல்லடையை எடுத்துக்கொண்டு திரும்பினான். சலித்து வைத்திருந்த மாவை எட்டி உதைத்தேன். இதை எழுத வேண்டாம் என்கிறார் சாமி. எழுதுங்கள் என்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு பேரும் வந்து தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றால் விடுவார்களா? உடனே எழுது.

அக்கா

•

ஹார்ஸ்டன்
ஜூலை 24

அக்காவுக்கு,

நான் நலம்.

சாமி, அவளை உட்காரச் சொல்லிவிட்டு மேலே வாசியுங்கள்.

போன புதன்கிழமை விசாரணை. வியாழன் காலை எல்லாம் முடிந்தது. அத்தான் இல்லை.

பன்னிரண்டு பேரை மறுபடி கூப்பிடும் வழக்கம் இல்லை. அவருக்கு முன்னால் ஒன்பது பேர், பின்னால் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு இறகுப் பேனா தேயும் நேரம்கூட ஆகவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உனக்கு அது வேண்டும்.

"பெட்டியைத் தூக்கினாயா?" என்று நீதிபதி கேட்டார். பிரெஞ்சில் கேட்டதை ஒருவர் நம் பேச்சில் திருப்பிச் சொன்னார்.

"தூக்கினேங்கய்யா."

"உள்ளே என்ன இருந்தது, தெரியுமா?"

"எங்க தாத்தா, அவரோட அப்பா, எல்லாரு பேரும் இருந்துச்சுன்னாங்க. அதான் அந்தக் கனம்."

சிரித்தவர்கள் உண்டு. நீதிபதி வேறு ஒன்றிரண்டு கேட்டார். அதற்கும் பதில் சொன்னார். தலை குனியவில்லை.

அன்று எழுதியது நான். ஹேமோ, கூரை வேய்பவன், ஆஷ்மியர். லத்தீனில் ஒரு வரி.

நகரக் கோயிலின் வடக்குச் சுவரோரம் புதைத்திருக்கிறார்கள். அடையாளம் வைக்க விடவில்லை. சுவரில் எத்தனையாவது கல் என்று எண்ணி வைத்திருக்கிறேன்.

வாரின்

•

ஆஷ்மியர்
செப்டம்பர் 29, மிக்கேல் திருநாள்

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்று வைமண்ட் சொல்லித்தான் தெரிகிறது. இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

தூக்கில் போனவன் பொருளெல்லாம் அரசருக்காம். பசு, இரும்புச் சட்டி, அவருடைய ஏணி, எல்லாம் போயிற்று. பாதி வேய்ந்த கூரை மட்டும் இருக்கிறது. அதை யாரும் கொண்டுபோக முடியவில்லை. ஒழுகுகிறது. வேய்கிறவர் வீடு ஒழுகுகிறது என்று யாரும் கேலிகூடச் செய்வதில்லை. எனக்கு முன்னால் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். நான் கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருத்தியும் ஒரு சண்டைக்குக்கூட வருவதில்லை.

புதுச் சுருள் எழுதுகிறார்கள். பிரபுவின் காரியக்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பழையதில் என்ன இருந்தது என்று சத்தியம் வாங்குகிறார். எரித்தவர்களே ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்கிறார்கள். ஒரு நாள் வெட்டிகூடக் குறையவில்லை.

ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டும். சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று. ஆனாலும் ஆறவில்லை. அவர் இரண்டு நாள் பொறுக்கிறேன் என்றார். குதிரைக்காரர்கள் இரண்டாம் நாள்தான் வந்தார்கள். நான்தான் இழுத்துவந்தேன். தனியாக இருக்க முடியாமல் இழுத்துவந்தேன். நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய். நான்தான் அவரைக் கொன்றேன்.

பனி வரப்போகிறது. காதைக் கட்டிக்கொண்டு தூங்கு, இல்லாவிட்டால் பல்வலி திரும்பும்.

அக்கா

•

ஹார்ஸ்டன்
நவம்பர் 12

அக்காவுக்கு,

என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் வீட்டுக் கூரையை யாராவது சரிசெய்தார்களா?

உன் கடிதம் ஆறு வாரமாக என் மேசையில் இருக்கிறது. ஏழு முறை பதில் எழுதிச் சுரண்டிவிட்டேன். தோல் மெலிந்து வெளிச்சம் தெரிகிறது. இதற்குமேல் சுரண்ட இடமில்லை.

நீ கொல்லவில்லை. 

மார்ட்டினுக்கு இரண்டு திருநாள். அவரைப் புதைத்தது நவம்பர் பதினொன்று. எலும்புகளைப் புதிய கோயிலுக்கு மாற்றியது ஜூலை நான்கு. நீதிமன்றத்தில், பள்ளியில், உலகத்தில் எங்கேயும் மார்ட்டின் என்றால் நவம்பர். நான் எழுதியதும் அதைத்தான். நீதிபதிகளின் ஆணை அன்றோடு முடியும் என்று எனக்குத் தெரியும். நேற்றோடு முடிந்தது. இன்று மூட்டை கட்டுகிறார்கள்; கடிதங்களைப் பிரித்துப் பார்க்க இனி யாரும் இல்லை. காட்டில் இருப்பவர்களுக்கு மன்னிப்பு வரும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் அது ஜூலை என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் அந்த ஊரில் பிறந்தவன். உன் தோளில் உட்கார்ந்து பார்த்தவன். 'நவம்பர்' என்று ஒரே ஒரு சொல் கூடுதலாக எழுதியிருக்கலாம். சுருக்கமாக எழுதுவது எனக்குப் பிடிக்கும். பெருமையாகவே இருந்தது.

இன்னொன்று. விசாரணையில் நீதிபதி வேறு ஒன்றிரண்டு கேட்டார் என்று எழுதியிருந்தேன். கேட்டது இது: "காட்டில் ஒளிந்திருந்தவன் ஏன் திரும்பி வந்தாய்?"

"மார்ட்டின் கழிஞ்சா வரலாம்னாங்க. கழிஞ்சுது, வந்தேன்."

"மார்ட்டின் நவம்பரில் அல்லவா?" என்றார் நீதிபதி. எல்லோரும் சிரித்தார்கள். "யார் சொன்னது உனக்கு?"

அத்தான் நிமிர்ந்தார். அந்த மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். என்னைத்தான் பார்த்தார். நம் அப்பாவின் மூக்கு எனக்கு, அதில் தெரிந்திருக்கும். அவர் என்னைக் காட்டியிருந்தால் ஓடிப்போனவனுக்கு உதவியவன் என்று நானும் அவர் பக்கத்தில் நின்றிருப்பேன்.

"எங்க ஊருல ஒரு கிறுக்கன் சொன்னாங்கய்யா" என்றார்.

அதையும் லத்தீனில் எழுதினேன். நான் எழுந்திருக்கவில்லை. பேனாவை வைக்கவில்லை.

வாரின்

•

ஆஷ்மியர்
நவம்பர் 25, கத்தரீனம்மாள் திருநாள்

வாரினுக்கு, ஆஸ்பெர்ன் தன் சார்பில் எழுதுவது.

உனக்குச் சமாதானம் உண்டாகட்டும். இடோனி இருமலோடு இருக்கிறாள், ஆனால் நடமாடுகிறாள்.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன். உடல்நலம் கேட்டதையும், கூரையைக் கேட்டதையும், "நீ கொல்லவில்லை" என்பதையும். அங்கே நிறுத்திவிட்டேன். "அவ்வளவுதானா சாமி?" என்றாள். அவ்வளவுதான் என்றேன்.

அவளுக்கு உலகத்தில் மிஞ்சியிருப்பவன் நீ ஒருவன். அதையும் பறிக்க எனக்குக் கை வரவில்லை. இதைத்தான் காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் ஜூன் மாதம் உன் முதல் கடிதத்தை அவளுக்கு வாசித்தவனும் நான்தான். எனக்கு இரண்டு மார்ட்டினும் தெரியும். எந்த மார்ட்டின் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம். எதுவும் கேட்காதீர்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கேட்கவில்லை.

இதை எரித்துவிடு.

ஆஸ்பெர்ன்

•

டிசம்பர் 13, லூசியம்மாள் திருநாள்

தம்பிக்கு,

இது சாமி கை இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் மடத்துல இருக்கிற அம்மா ஒருத்தங்க எழுதுறாங்க. நான் பேசுறத மாத்தாம அப்படியே எழுதணும்னு கேட்டுக்கிட்டேன். இருமல் இருக்கு, சாவுற இருமல் இல்ல. நீ எப்படி இருக்கேன்னு கேக்கணும்ல, கேட்டுட்டேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா கண்ணு தெரியும். ரெண்டு பக்கமும் நெறைய எழுதியிருந்துச்சு, சாமி நாலு மூச்சுல முடிச்சுட்டாரு. தோலத் திருப்பவே இல்ல. அவரு பூசைக்குப் போன நேரம் பாத்து எடுத்துட்டு வந்துட்டேன். இந்த அம்மா மூணு தடவ வாசிச்சாங்க. மூணாவது தடவ அவங்க அழுதாங்க. நான் அழுவல.

கிறுக்கன்னு சொன்னாரா. அவரு சொல்லியிருப்பாரு. அந்தக் குரல் எனக்குக் கேக்குது.

உன்ன மன்னிச்சுட்டதா எழுதலாமான்னு அம்மா கேக்குறாங்க. வேணாம்னுட்டேன். எனக்கு வயிறெல்லாம் எரியுது தம்பி. ஊரு பேர மறந்தா பரவாயில்ல, ஊரு நாள மறந்துட்டியே. ரெண்டே ரெண்டு வரி எழுதுனியே.

இத யாரு மேல கொட்டுறது? டாப் என்னக் கண்டா வேலி தாண்டி ஓடுறான். சாமிகிட்டக் கத்தினா அப்புறம் எனக்குப் பூசை வைக்க யாரு இருக்கா? ஊருல எல்லாரும் பாவம் பாவம்ங்கிறாங்க, பாவம்ங்கிறவங்க கிட்ட எப்படிச் சண்ட போடுறது? செத்தவரு மேல கோவப்பட்டுப் பாத்தேன், அவரு சிரிக்கிறாரு. பேச ஆளில்லாம இருந்துடலாம், பழகிக்கலாம். ஏசுறதுக்கு ஒரு ஆளில்லாம இருக்க முடியல.

அதனால கடுதாசி போடாத. எழுதினா மறுபடி யாராவது பாதிய முழுங்கிடுவாங்க. நீதிபதிங்க போயாச்சுல்ல, உனக்கு இனி என்ன வேல? பனியா இருந்தாலும் நடந்து வா. வந்து என் எதிர்ல உக்காரு. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காம உக்காரு.

எத்தன நாளாகும்னு எனக்குத் தெரியாது. துணிமணி எடுத்துட்டு வா.

அக்கா